வலது கன்னத்துக்குப் போன மச்சம்

நரம்பு டாக்டர் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் நீட்டி, ஒரு சுருள் வரையச் சொன்னபோது சலூன்காரருக்குச் சிரிப்புதான் வந்தது. கொசுவர்த்திச் சுருள் மாதிரி நடுவில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். எத்தனையோ தலைகளில் காதோரம் கோடு இழுத்த கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று வரைந்து முடித்தார். பார்த்தால் கொசுவர்த்திதான், சந்தேகமில்லை. ஆனால் யாரோ காலால் மிதித்துவிட்டுப் போன கொசுவர்த்தி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். எதைப் பார்த்தாலும் ஏதாவது சொல்லாமல் இருக்க மாட்டாதவள் அவள். 

டாக்டர் நல்ல மனிதர். பயப்படுகிற வியாதி இல்லை, வயதாகும்போது சிலருக்குக் கை இப்படி நடுங்கும், மாத்திரை தருகிறேன், டீ காபியைக் குறையுங்கள் என்றார். தினமும் ஒரு சுருள், ஒரு வட்டம், ஒரு நேர்கோடு வரைந்து, அடுத்த முறை வரும்போது கொண்டுவந்து காட்டச் சொன்னார். கடைசியாகத்தான் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். சலூன் வைத்திருக்கிறேன் என்று இவர் சொன்னதும், டாக்டரின் கை தன்னையறியாமல் தன் தாடைக்குப் போய்த் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

வீடு வந்து சேரும் வரை சலூன்காரரின் மனதில் அந்தத் தாடைதான் நின்றது. எழுதுகிற வேலைக்காரனுக்குக் கை நடுங்கினால் பாவம் என்பார்கள். சலூன்காரனுக்கு நடுங்கினால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள். கத்தரியையாவது சீப்பின் மேல் சாய்த்து எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். சவரக் கத்தியை என்ன செய்வது? கை போனால் கடை போயிற்று. இந்த வயதில் வேறு வேலைக்குப் போய் நிற்கவும் முடியாது. வேறு வேலை எதுவும் தெரியாது என்பது வேறு விஷயம். ஆகவே ஒரு காக்கை குருவிக்கும் தெரியக்கூடாது என்று முடிவு செய்து, அதை மனைவியிடமும் சொன்னார்.

"உங்க முகத்துல ஒரு தும்மலைக்கூட மறைக்க முடியாது, இதை எங்க மறைக்கப் போறீங்க?" என்றாள் அவள்.

அவர் அதை ஒரு சவாலாக எடுத்துக்கொண்டார். மறுநாளே சவரக் கத்தியை ஒரு துண்டில் சுற்றி அடி இழுப்பறைக்குள் தள்ளினார். வந்தவர்களிடம் எல்லாம், கத்தி தோலுக்கு ஆகாது, இனிமேல் மெஷின்தான் சுத்தம், மேல்நாட்டில் எல்லாம் அப்படித்தான் என்று அள்ளிவிட்டார். மெஷினைக் கண்டாலே புல் வெட்டத்தான் லாயக்கு என்று வாழ்நாள் முழுக்கக் கேலி பேசிய வாய் அது. கேட்டவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். எவ்வளவு சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டோம் என்று அவருக்கு உள்ளூரப் பெருமைதான்.

கடை ஒரே அறை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. அதன் முன்னால் இரண்டு நாற்காலிகள், அதில் ஒன்று உட்கார்ந்தால் ஒரு பக்கம் இறங்கும் என்பதால் மரியாதைக்கு மட்டும் நிற்கிறது. பின்னால் காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு. இடப்பக்கச் சுவருக்கு அந்தப் புறம் தையல் கடை, வலப்பக்கம் டீக்கடை. எதிர்சாரியில் இப்போதுதான் புதிதாக ஒரு ஏசி சலூன் வந்திருந்தது. கண்ணாடிக் கதவும் கறுப்புச் சட்டை போட்ட பையன்களுமாக அது பளபளவென்று நின்றது.

டாக்டர் சொன்ன சுருளை அவர் கடையில்தான் வரைந்தார். வீட்டில் வரைந்தால் மனைவி ஒவ்வொரு சுற்றுக்கும் பெருமூச்சு விட்டாள். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில், காலையில் கடை காலியாக இருக்கும் நேரம் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். அப்போதுதான் டெய்லர் மாமா ஒருநாள் பழைய செய்தித்தாள் கேட்டு உள்ளே நுழைந்து, தாளைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். இரு கடைக்கும் நடுவே ஒரே சுவர் என்பதைத் தவிர அவர்களுக்குள் எந்த உறவும் இல்லை. ஆனாலும் இவர் அவருக்கு மாப்ளே, அவர் இவருக்கு மாமா, டெய்லரின் மனைவி அக்கா. சுவரே சம்பந்தம் பேசிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

"படம் வரையக் கத்துக்கிட்டிருக்கேன் மாமா" என்றார் சலூன்காரர். எந்த யோசனையும் இல்லாமல் வாயில் வந்த பொய் அது.

டெய்லர் மாமா சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன படம் என்று கேட்டார். இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன், முதலில் வட்டம், சுருள், கோடு, அப்புறம்தான் மற்றதெல்லாம் என்று சலூன்காரர் பெரிய வித்வான் போலச் சொன்னார். டெய்லர் மாமாவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் மைக்கில் சொன்ன மாதிரி. அன்று மாலைக்குள் தெருவே சலூன்காரர் படம் போடுகிறார் என்று பேசிக்கொண்டது. மறுநாள் தெருமுனை மருந்துக்கடைக்காரர் வந்து, எங்கே காட்டுங்க பார்க்கலாம் என்று கை நீட்டினார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. இனி நிஜமாகவே படம் வரைந்தால்தான் தலை தப்பும்.

போனில் தேடியபோது வீடியோவில் படம் வரையச் சொல்லித்தருகிற ஒரு பெண் அகப்பட்டாள். உலகத்தில் இருப்பதெல்லாம் வட்டம், சதுரம், முக்கோணம் இவற்றுக்குள் அடக்கம் என்றாள். தினம் கண்ணில் படுகிற ஒரு சாதாரணப் பொருளை எடுத்து, அதற்குள் என்ன வடிவம் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள், அழகாக வர வேண்டும் என்று நினைக்காதீர்கள் என்றாள். அந்தக் கடைசி வார்த்தை சலூன்காரருக்கு மிகவும் பிடித்திருந்தது. அதில் மட்டும் அவர் முதல் நாளே தேறிவிட்டார்.

தண்ணீர் தெளிக்கிற பாட்டிலில் ஆரம்பித்தார். ஒரு உருளை, அதன் தலையில் ஒரு கூம்பு. வரைந்து முடித்ததும் குடித்துவிட்டுத் தெருவில் தள்ளாடுகிற ஒரு ஆள் போல இருந்தது. பவுடர் டப்பா இன்னொரு உருளை. அது பக்கத்தில் நின்று முதல் ஆளைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி வந்தது. நாற்காலிக்கு ஒரு கனசதுரம் போட்டுக் கால் வைத்தார். அதைப் பார்த்த மனைவி எருமையா என்று கேட்டாள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. எருமை என்று தெரிகிற அளவுக்காவது வந்திருக்கிறதே என்று ஆறுதல் பட்டுக்கொண்டார். கோடுகள் எல்லாம் ஓரத்தில் நெளிந்தன. மருந்துக்கடைக்காரர் அதைப் பார்த்து, இது ஒரு பாணி, இப்போது எல்லாரும் இப்படித்தான் வரைகிறார்கள் என்றார். நடுக்கத்துக்கு இப்படி ஒரு கௌரவமான பெயர் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

பொய்யில் ஆரம்பித்த விஷயம் மெல்ல மெல்ல அவரைப் பிடித்துக்கொண்டது. இதை அவரே எதிர்பார்க்கவில்லை. காலையில் கதவைத் தூக்கும்போது ஷட்டர் சுருண்டு மேலே போவது கண்ணில் பட்டது. டீக்கடைக் கெட்டில் ஒரு பந்து, அதன் மூக்கு ஒரு முக்கோணம். மனைவி கொண்டையைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்றால், பின்னாலிருந்து பார்க்க ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம். இதை அவளிடம் சொன்ன அன்று சாப்பாடு தட்டில் கொஞ்சம் சத்தமாக விழுந்தது. முக்கியமாகத் தலைகள். இத்தனை வருஷமாகத் தலைகளுக்கு நடுவிலேயே வாழ்ந்திருக்கிறார், ஒன்றையாவது பார்த்தாரா? மயிரை மட்டும்தான் பார்த்திருக்கிறார். இப்போது பார்த்தால் முட்டைத் தலை, பானைத் தலை, கீழே அகலமாகி மேலே ஒடுங்கிய தலை. மருந்துக்கடைக்காரரின் தலை அப்பட்டமான சதுரம். அதைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் ஒருநாள் கத்தரியால் அந்தச் சதுரத்தை இன்னும் கொஞ்சம் எடுத்துக்காட்டிவிட்டார். மருந்துக்கடைக்காரர் அதன் பிறகு சில நாள் கடையில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். ஆனாலும் அடுத்த முறை வந்தார்.

வரையும்போது மட்டும் அவருக்கு ஒரு நிம்மதி கிடைத்தது. சுண்டு விரலைத் தாளில் ஊன்றி, மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டே கோட்டை இழுத்தால், கை கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்டது. மற்ற நேரத்தில் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. காரணம் கடையின் காலைநேரம்.

முன்பெல்லாம் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே வேலைக்குப் போகிறவர்கள் வாசலில் நிற்பார்கள். இப்போது வெயில் நன்றாக ஏறும் வரை ஈ, காக்கை இல்லை. அப்புறம் திடீரென்று எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து பெஞ்சில் நெருக்கியடித்து உட்காருகிறார்கள். சலூன்காரர் இதை யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார். விடிந்ததும் எல்லாரும் எதிரே ஏசி சலூனுக்குப் போகிறார்கள், அங்கே இடம் கிடைக்காத மிச்சம் மீதிதான் வெயில் ஏறிய பிறகு தம்மிடம் வருகிறது. ஏசி சலூனில் காலையில் கூட்டம் இருக்கிறதா என்று ஒருநாள்கூட அவர் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம். வட்டம் சதுரம் எல்லாம் பார்க்கக் கற்றுக்கொண்டவருக்கு, எதிரே இருக்கிற ஒரு கதவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

போதாக்குறைக்கு டீக்கடைக்காரன் வேறு. கடை திறந்ததும் வீட்டுக்குத் தெரியாமல் ஒரு முழு கிளாஸ், அதற்குப் பின்னால் இன்னொன்று என்று ஸ்ட்ராங்காகக் குடிப்பது அவர் வழக்கம். டாக்டர் சொன்னது ஒரு காதில் ஏறி மறு காதில் இறங்கியிருந்தது. இப்போது வருவதோ அரை கிளாஸ், அதுவும் வெளுத்துப் போய். இரண்டாவது கேட்டால் பால் தீர்ந்துவிட்டது என்கிறான். கஞ்சப்பயலாகிவிட்டாயே என்று ஒருநாள் சண்டையே போட்டுப் பார்த்தார். அவன் சிரித்தானே தவிர, கிளாஸ் நிறையவில்லை. வாடிக்கை குறைந்த கடைக்காரனுக்கு டீயும் குறைகிறது என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கிளாஸையும் வரைந்து வைத்தார். பாதி காலியான ஒரு உருளை.

இந்த நிலையில்தான் டெய்லர் மாமா, தன் முகத்தை வரைந்து தரச் சொல்லி வந்து நின்றார். தையல் மெஷினுக்கு மேலே சுவர் காலியாக இருக்கிறதாம். போட்டோவில் தன் முகம் செத்த மாதிரி விழுகிறதாம். சலூன்காரர் எத்தனையோ சாக்குச் சொல்லிப் பார்த்தார். டெய்லர் மாமா விடுகிற ஆள் இல்லை.

ஒருநாள் வெயில் ஏறிய நேரத்தில், மேலே போர்த்துகிற துணி எதுவும் இல்லாமல், தேய்த்த சட்டையோடு வந்து நாற்காலியில் அமர்ந்தார். சலூன்காரர் வழக்கம்போல நாற்காலிக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்தள்ளி நின்றார். அட்டையை இடது முழங்கையில் தாங்கி, கண்ணாடியைப் பார்த்தபடி ஆரம்பித்தார். முகம் ஒரு முட்டை. கழுத்து என்று தனியாக எதுவும் இல்லை, நேராகத் தோள். மூக்கு ஒரு முக்கோணம், தாராளமான முக்கோணம். தலையில் எடுத்த வகிடு, கன்னத்தில் மிளகு அளவுக்கு அந்த மச்சம், சட்டையின் பட்டன் பட்டி, பை, பைக்குள் சாக்பீஸ். ஒன்றையும் விடவில்லை. டெய்லர் மாமா மூச்சுக்கூட விடாமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயை மூடி இவ்வளவு நேரம் இருந்ததை அந்தத் தெரு அதுவரை கண்டதில்லை.

முடிந்ததும் தாளைக் கொடுத்தார். டெய்லர் மாமா தாளைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"அப்படியே நான்தான் மாப்ளே" என்றார்.

சலூன்காரருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அவருக்கே அது நன்றாக வந்திருப்பதாகப் பட்டது. கோடுகள் நெளிந்திருந்தன, ஆனால் நெளிந்த கோடுகளுக்கு உள்ளே ஒரு ஆள் இருந்தார். வீட்டுக்குப் போய், இனிமேல் உன் கொண்டையைப் பற்றித் தப்பாகப் பேச மாட்டேன், ஒரு நல்ல படமாகவே போட்டுத் தருகிறேன் என்று மனைவியிடம் பெருந்தன்மையாகச் சொன்னார். கை போனாலும் கலைஞனாகப் பிழைத்துக்கொள்ளலாம் என்கிற அளவுக்கு அன்றிரவு கனவு போயிற்று.

படம் சட்டமும் கண்ணாடியும் போட்டுத் தையல் கடைச் சுவருக்கு ஏறியது. ஏறிய மறுநாள் அக்கா கடைக்கு வந்தார். படத்தைப் பார்த்து, யார் இது, உங்கள் தம்பியா என்று கேட்டார். நான்தான் என்று டெய்லர் மாமா சொல்லியும் நம்பவில்லை. இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருக்கிற முகம் எனக்குத் தெரியாதா, மச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது, வகிடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டார். டெய்லர் மாமா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். மச்சம் இடது கன்னத்தில் இருந்தது. படத்தில் இருப்பவருக்கு வலது கன்னத்தில். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அக்கா அடுத்ததாகச் சட்டையைக் காட்டினார். பை வலது பக்கம் இருந்தது. பட்டன் பட்டி, பெண்கள் சட்டைக்குப் போடுகிற மாதிரி வலம் இடமாக மடிந்திருந்தது. வாழ்நாள் முழுக்கப் பட்டன் பட்டி தைத்தே காலம் தள்ளிய மனிதர், பெண்பிள்ளைச் சட்டை போட்ட தன் படத்தைத் தன் மெஷினுக்கு மேலேயே மாட்டி, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டி மகிழ்ந்திருக்கிறார்.

அடுத்த நாள் காலை, சலூன்காரர் ஷட்டரைத் தூக்கினதுமே, டெய்லர் மாமா படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் காலையில் இந்தப் பக்கம் வந்தே நாளாகியிருந்தது. முகம் சிவந்திருந்தது. அக்கா சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் கொட்டினார். கடைக்கு வருகிறவர்கள் சிரிக்கிறார்கள், நான் டெய்லர் என்று வெளியே சொல்லிக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

சலூன்காரருக்கு முகத்தில் ஈ ஆடவில்லை. ஆனால் கலைஞன் ஆயிற்றே, விட்டுக்கொடுக்க முடியுமா? நான் பார்த்ததைத்தான் போட்டேன் என்றார். கண்ணாடியில் இருந்தது இப்படித்தான், நீயும் பார்த்துவிட்டுத்தானே நான்தான் என்றாய் என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு உறைத்தது. இத்தனை காலமாக வந்தவர்களிடம் பேசியது, சிரித்தது, நலம் விசாரித்தது எல்லாம் கண்ணாடியோடுதான். நாற்காலியைத் திருப்பி ஒரு ஆளின் முகத்தை நேராக ஒருமுறை பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். வரைய வேண்டும் என்றபோது நாற்காலியைத் திருப்பலாம் என்றுகூடத் தோன்றவில்லை. டெய்லர் மாமாவுக்கும் தன் முகம் தெரிந்தது கண்ணாடியில்தான். இரண்டு பேரும் சேர்ந்து, உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு ஆளை வரைந்து சட்டம் போட்டிருக்கிறார்கள்.

"இரு மாமா, காட்டறேன்" என்று படத்தை எடுத்து, கண்ணாடிக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிக்குள் எல்லாம் சரியாகிவிட்டது. மச்சம் இடது கன்னத்துக்குப் போயிற்று. பை இடது பக்கம் போயிற்று. அக்காவுக்குத் தெரிந்த டெய்லர் மாமா உள்ளே இருந்து பார்த்தார். பார்த்தாயா என்று வெற்றிப் புன்னகையோடு திரும்பப் போனவர் அப்படியே நின்றார். படம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் ஆடிக்கொண்டிருந்தது. சட்டத்துக்குள் கண்ணாடி கடகடவென்று சத்தம் போட்டது. அதைப் பிடித்திருந்த தன் கை, அந்தப் பெரிய கண்ணாடியின் நட்டநடுவில், விளக்கு வெளிச்சத்தில், எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது.

அதைத் தான் மட்டும் பார்க்கவில்லை என்பது கண்ணாடியிலேயே தெரிந்தது. டெய்லர் மாமா அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இப்போது கோபம் இல்லை. எட்டி, சட்டத்தின் மறுமூலையைப் பிடித்துக்கொண்டார். சத்தம் நின்றது.

"விடு மாப்ளே. தெரியும்."

"எப்ப தெரியும்?"

"உனக்குத் தெரியறதுக்கு முன்னாடியே. நாற்காலியில உக்காந்தா எங்களுக்கு வேற என்ன வேலை? எதிர்ல கண்ணாடி, கண்ணாடியில உன் கை. அதையேதான பாத்துட்டு இருக்கோம்."

அதன் பிறகு டெய்லர் மாமா மெதுவாகச் சொன்னார். முதலில் கவனித்தது மருந்துக்கடைக்காரர். காலையில் கை அதிகமாக ஆடுகிறது, வெயில் ஏறினால் அடங்கிவிடுகிறது என்று கண்டுபிடித்ததும் அவர்தான். டீதான் காரணம் என்று அவரே டீக்கடைக்காரனிடம் சொல்லி, கிளாஸைப் பாதியாக்கினார். அன்றிலிருந்து ஒருவரும் காலையில் வருவதில்லை. வேலைக்குப் போகிறவர்கள்கூட வேலைக்கு நடுவில் ஒரு மணிநேரம் பர்மிஷன் கேட்டுக்கொண்டு வந்துபோனார்கள். கத்தியை ஒளித்துவைத்து மெஷினைப் பற்றி அவர் பிரசங்கம் செய்தபோது, பாவம், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப எதிர் கடைக்கு யாரும் போகலையா?"

"நான் ஒரு தடவை போனேன். ஒரே குளிர். வெட்டற பையன் வாயே திறக்கல. காசு கொடுத்துட்டு ஊமையா உக்காந்து வர்றதுக்கு நான் வீட்டுலயே இருப்பேனே."

சலூன்காரர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முதலில் கோபம் வந்தது. எல்லாரும் சேர்ந்து தன்னை ஒரு குழந்தையாக்கி வைத்திருந்திருக்கிறார்கள். பிறகு வெட்கம் வந்தது. இத்தனை நாள் தன்னை விட்டுப் போனவர்கள் என்று நினைத்து, மனதுக்குள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாரே. அவர்களோ வெயிலில் காத்திருந்து வந்துகொண்டிருந்தார்கள். அப்புறம் கண்ணில் நீர் முட்டியது. அதை மறைப்பதற்குக் கீழே குனிந்தவர், யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று நினைத்துச் சிரித்துவிட்டார். கண்ணாடி முன்னால் நின்றுகொண்டே ரகசியம் காத்த முதல் முட்டாள் நானாகத்தான் இருப்பேன் என்று டெய்லர் மாமாவிடம் சொன்னார். டெய்லர் மாமா மறுக்கவில்லை.

அன்று வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, காலையில் இரண்டு டீ குடித்த விஷயத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் கேட்டாள்.

படத்தைத் திரும்ப வரைய வேண்டியிருந்தது. இந்தத் தடவை சலூன்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். கடை திறந்த நாளிலிருந்து கண்ணாடியையே பார்த்து நின்ற நாற்காலி கிறீச்சென்று முனகிக்கொண்டு திரும்பியது. டெய்லர் மாமாவின் நேர்முகம் அவருக்குப் புதிய ஆளாக இருந்தது. ஒரு காது மற்றதைவிடக் கீழே இருந்தது. முட்டை, முக்கோணம் என்று பிரித்துப் போட்டதில் இது தெரியவே இல்லை. டெய்லர் மாமாவுக்கும் சலூன்காரர் முகம் புதிதாகத்தான் இருந்திருக்கும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சங்கடமாகச் சிரித்துக்கொண்டார்கள். பிறகு வரைந்தார். படம் முதல் படம் அளவுக்கு நன்றாக வரவில்லை. ஆனால் மச்சம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அக்கா பார்த்துவிட்டு, இவர்தான், ஆனால் கொஞ்சம் திருடன் மாதிரி இருக்கிறார் என்றார். அதுவே சுவருக்குப் போயிற்று.

கடை வாசலுக்கு ஒரு அட்டையும் போயிற்று. வெயில் ஏறிய பிறகுதான் முடி வெட்டப்படும் என்று சலூன்காரர் தம் கையாலேயே எழுதினார். எழுத்துக்கள் எல்லாம் அலையடித்தன. பெயின்டரிடம் கொடுத்து எழுதியிருக்கலாமே என்று வழியில் போன ஒருவர் கேட்டார். கை நடுங்கும் என்றார் சலூன்காரர். முதல்தடவையாக ஒரு அந்நியரிடம் அதைச் சொன்னார். அந்த ஆள் நேராக எதிரே ஏசி சலூனுக்குள் போய்விட்டார். நல்ல முட்டைத் தலை, போகிறது என்று சலூன்காரர் அவர் முதுகை வரைந்துகொண்டார்.

சில நாள் கழித்து, ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து டெய்லர் மாமா வந்து உட்கார்ந்தார். தாடியைத் தடவிக்கொண்டு, மெஷின் வைத்தால் கன்னம் அரிக்கிறது, கத்தியை எடு என்றார். சலூன்காரர் மெஷினைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"வேணாம் மாமா. ஆடும்."

"படம் போட்டப்ப இவ்வளவு ஆடலையே. கண்ணாடியில பாத்துட்டுத்தான் இருந்தேன். சுண்டு விரலை அட்டையில ஊணிக்கிட்ட."

சலூன்காரர் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து அடி இழுப்பறையைத் திறந்து, துண்டைப் பிரித்தார். கத்தியில் புது பிளேடு மாட்ட நேரமாயிற்று. சோப்பு நுரையைப் பூசினார். இடது கையால் கன்னத்துத் தோலை இழுத்துப் பிடித்து, வலது சுண்டு விரலைத் தாடையில் ஊன்றினார். மச்சம் கண்ணுக்கு நேரே இருந்தது. மூச்சை மெதுவாக விட்டார்.

கண்ணாடியில் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்த டெய்லர் மாமா, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார்.